பாதி விலை ஹார்ட் டிஸ்க்கை நம்பலாமா?

நாலைந்து வருடம் முன்பு, வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் சேர்த்து வைக்க 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். மற்ற கடைகளில் சொன்னதைவிட ஆயிரத்து எண்ணூறு ரூபாய் குறைவு. வெள்ளிநிறக் கவர் பிரிக்காமல் இருந்தது, பில்லும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் மாட்டி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தேன். வலதுபக்கம் மேலே ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ என்ற கட்டத்தில் 32,020 என்று இருந்தது. புத்தம் புதிய டிஸ்க் ஏற்கெனவே 32,020 மணி நேரம் ஓடியிருக்கிறது! வருடத்துக்கு 8,760 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மூன்றரை வருடத்துக்கும் மேல், இரவு பகல் நிற்காமல்.

மறுநாள் கடைக்காரரிடம் போய்க் காட்டினேன். “அது கம்பெனியில டெஸ்டிங் பண்ணினது சார்” என்றார். மூன்றரை வருடம் டெஸ்ட் பண்ணிவிட்டுத்தான் வெளியே அனுப்புவேன் என்கிற அவ்வளவு பொறுப்பான கம்பெனியை நான் இதுவரை பார்த்ததில்லை.

பழைய டிஸ்க் வாங்குவது எனக்குப் பழக்கம்தான். வயதைச் சொல்லி விற்றிருந்தால் பேசாமல் வாங்கியிருப்பேன். மலிவாகக் கிடைக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கண்டாலே ஓட வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. விலை ஏன் குறைந்தது என்று விற்பவரால் ஒரு வரியில் சொல்ல முடிந்தால், அந்தக் காரணத்தை எடைபோட்டு வாங்கலாம். காரணமே இல்லாமல் குறையும் விலையிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எந்தக் காரணம் பரவாயில்லை, எது ஆகாது என்று பிரித்துப் பார்க்க, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே ஓடுவது என்ன?

சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. ஹார்ட் டிஸ்க் ஒரு இயந்திரம். கண்ணாடி போல வழவழப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகின்றன. தட்டின் மேல் ஒரு சின்னக் கை நீண்டிருக்கும். அதன் நுனியிலுள்ள ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி எழுதுகிறது, படிக்கிறது. தலைமுடியின் தடிமனே எழுபது, எண்பதாயிரம் நானோமீட்டர் வரும். அப்படியானால் இந்த இடைவெளி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தூசு உள்ளே போனாலும், ஓடும்போது மேஜையிலிருந்து விழுந்தாலும், ஹெட் தட்டில் உரசிவிடும். உரசிய இடத்தில் இருந்த தரவு போனது போனதுதான்.

1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய செல்போனில் எடுக்கும் படம் ஒன்றுக்கே அது போதுமா என்பது சந்தேகம். இப்போது உள்ளங்கை அளவுப் பெட்டியில் 20 டெராபைட்டுக்கு மேல் வந்துவிட்டது. ஆனால் சுற்றும் தட்டு, மிதக்கும் ஹெட் என்ற அடிப்படை மாறவில்லை. மோட்டார் தேய்கிறது, பேரிங் தேய்கிறது, ஹெட் பலவீனமாகிறது. லாரிக்கு கிலோமீட்டர் எப்படியோ, ஹார்ட் டிஸ்க்குக்கு ஓடிய மணி நேரம் அப்படி.

இந்த இடத்தில் விளம்பரத் தாள்களில் வரும் ஒரு எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கான டிஸ்க்குகளில் ‘எம்டிபிஎஃப் 25 லட்சம் மணி’ என்று போட்டிருப்பார்கள். ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையிலான சராசரி நேரம் என்று பொருள். 8,760ஆல் வகுத்தால் 285 வருடம்! ஆர்க்காட்டு நவாப் காலத்தில் மாட்டிய டிஸ்க் இன்றும் ஓடும் என்று இதற்கு அர்த்தமல்ல. இது ஒரு டிஸ்க்கின் ஆயுள் கணக்கே அல்ல, பெரிய கூட்டத்துக்கான கணக்கு. ஆயிரம் டிஸ்க்கை ஒரு வருடம் ஓட்டினால் மொத்தம் 87 லட்சத்து 60 ஆயிரம் மணி ஆகிறது. 25 லட்சம் மணிக்கு ஒன்று பழுதாகும் என்றால், அந்த ஆயிரத்தில் மூன்றோ நாலோ அந்த வருடத்தில் போகும். அவ்வளவுதான் அது சொல்கிறது.

நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே போகின்றன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் 2007இல் பெரிய கணினி மையங்களின் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீத டிஸ்க்குகளை மாற்ற வேண்டியிருப்பது சாதாரணம், சில இடங்களில் 13 சதவீதம் வரைகூடப் போகிறது என்று தெரிந்தது. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க பேக்கப் நிறுவனம் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளின் தினசரிப் பதிவை 2013 முதல் எடுத்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அவர்கள் கணக்கில் 2023இல் 1.40 சதவீதமும் 2024இல் 1.57 சதவீதமும் பழுதாகின. நூற்றுக்கு ஒன்றரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்களிடம் இருப்பது சுமார் மூன்று லட்சம் டிஸ்க். ஒன்று போனால் இன்னொன்றைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நம்மிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அது போனால் நமக்கு நூறு சதவீதம்.

வயதும் இதில் சேரும். பேக்பிளேஸ் 2013இல் சொன்ன கணக்கு ஒன்று எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். முதல் ஒன்றரை வருடத்தில் ஆண்டுக்கு 5.1 சதவீதம் பழுதாகின. அடுத்த ஒன்றரை வருடத்தில் 1.4தான். மூன்று வருடம் தாண்டியதும் 11.8. பிறந்த குழந்தைக்கு வரும் நோய்கள் ஒரு பக்கம், முதுமை இன்னொரு பக்கம், நடுவில் அமைதியான காலம். பின்னாளில் வந்த டிஸ்க்குகளில் அந்த முதல் மேடு வெகுவாகத் தணிந்துவிட்டது, முதுமையும் தள்ளிப் போயிருக்கிறது. ஆனாலும் ஒரு வருடம் நன்றாக ஓடிய பழைய டிஸ்க்கும் ஐந்து வருடம் ஓடிய பழைய டிஸ்க்கும் ஒன்றல்ல. ‘செகண்ட் ஹேண்ட்’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிடுகிறோம்.

தள்ளுபடி எங்கிருந்து வருகிறது?

எல்லாவற்றிலும் பயமில்லாதது, பண்டிகைக் காலத் தள்ளுபடியும் பழைய மாடலைக் காலி செய்யும் தள்ளுபடியும். டிஸ்க் புதியது, தயாரிப்பாளரின் வாரண்டியும் முழுசாக இருக்கிறது. லேபிளில் இருக்கும் தயாரிப்புத் தேதியை மட்டும் பாருங்கள். அலமாரியில் மூன்று வருடம் தூங்கிய டிஸ்க்குக்கு, ஒழுங்கான பில் இல்லையென்றால், வாரண்டி முடிந்துவிட்டதாகவே தயாரிப்பாளர் சொல்லக்கூடும்.

அடுத்தது எக்ஸ்டர்னல் டிரைவ். உறைக்குள் இருக்கும் டிஸ்க்கைத் தனியாக வாங்கினால் ஒரு விலை, உறை, கேபிள், அட்டைப்பெட்டியோடு வாங்கினால் அதைவிடக் குறைந்த விலை! வெளிநாடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. எக்ஸ்டர்னல் டிரைவுக்கு வாரண்டி குறைவு, விற்பனை அதிகம் என்பவை அதற்குக் காரணங்கள். அதனால் அதை வாங்கி உறையை உடைத்து டிஸ்க்கை உருவிக்கொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு.

இதில் பேர் போனவர்கள் மேலே சொன்ன பேக்பிளேஸ்காரர்கள்தான். 2011 கடைசியில் தாய்லாந்தில் பெரு வெள்ளம் வந்து வெஸ்டர்ன் டிஜிட்டலின் தொழிற்சாலை உட்படப் பல முழுகின. உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது. அப்போது பேக்பிளேஸ் ஊழியர்கள் காஸ்ட்கோ, பெஸ்ட் பை கடைகளாக ஏறி இறங்கி எக்ஸ்டர்னல் டிரைவ்களை அள்ளினார்கள். ஆளுக்கு இரண்டுதான் என்று கடைகள் கட்டுப்பாடு போட்டபோது நண்பர்களையும் சொந்தக்காரர்களையும் வரிசையில் நிறுத்தினார்கள். நம் ஊர் ரேஷன் கடை உத்திதான். அந்த வெள்ளத்தையொட்டித்தான் சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் தங்கள் டிஸ்க்குகள் பலவற்றின் வாரண்டிக் காலத்தையும் குறைத்தன. அந்தக் காலகட்டத்தில் பேக்பிளேஸ்காரர்கள் வாங்கிக் குவித்த சீகேட் 3 டெராபைட் மாடல் ஒன்று அவர்களுக்குப் பெரிய தலைவலியானது. 2012இல் போட்டவற்றில் பெரும்பாலானவை 2015 வாக்கில் சேவையில் இல்லை. அந்த மாடலுக்காக 2016இல் அமெரிக்காவில் சீகேட் மேல் வழக்கும் வந்தது.

உறையை உடைத்தபின் வாரண்டி கேட்டுப் போனால் இழுபறிதான். சின்ன அளவு, அதாவது 2.5 அங்குல எக்ஸ்டர்னல் டிரைவ்கள் பலவற்றில் யுஎஸ்பி இணைப்பு டிஸ்க்கின் போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கும். உடைத்தாலும் கம்ப்யூட்டருக்குள் மாட்ட முடியாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த வேலைக்குப் போகாமல் உறையோடு பயன்படுத்துவதே மேல்.

மூன்றாவது வகையில் டிஸ்க் புதியதாகவே இருந்தும் குணம் வேறாக இருக்கும். மலிவு டிஸ்க் பலவற்றில் எஸ்எம்ஆர் என்ற முறையில் எழுதுகிறார்கள். ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசை ஓடும் கீழ் வரிசையின் மேல் பாதி ஏறிப் படுத்திருக்கும். அதேபோல் தரவுத் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிப் படுக்க வைத்தால் அதே தட்டில் இன்னும் கொஞ்சம் அதிகம் எழுதலாம். சிக்கல் எங்கே என்றால், நடுவில் ஒரு ஓடு உடைந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா? மேலே ஏறியிருப்பதையும் தூக்கி, மாற்றி, திரும்ப அடுக்க வேண்டும். டிஸ்க்கிலும் அதே கதை. படங்களைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு எப்போதாவது பார்ப்பதற்கு இது தாராளமாகப் போதும். தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தால் மூச்சு வாங்கும். நாலைந்து டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டும் நாஸ் பெட்டியில் ஒன்று பழுதாகி, புதிதாக எஸ்எம்ஆர் டிஸ்க்கைப் போட்டால், அது மற்றவற்றோடு ஈடுகொடுக்க முடியாமல் நிற்பதும் உண்டு. நாஸுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்குகளில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதைச் சொல்லாமலே விற்றார்கள் என்று 2020 ஏப்ரலில் வெளியே வந்து பெரிய சத்தமானது. பிறகுதான் எது எந்த முறை என்று பட்டியல் போட்டார்கள். மாடல் எண்ணை வைத்து இதை இப்போது பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் தெரியாது.

அப்புறம் பழையவை. இதில் இரண்டு ரகம். வாரண்டியில் திரும்பி வந்ததைத் தயாரிப்பாளரே சோதித்து, ‘ரீசர்ட்டிஃபைடு’ என்று லேபிளில் அச்சிட்டு, குறைந்த கால வாரண்டியோடு விற்பது ஒன்று. டேட்டா சென்டரில் நாலைந்து வருடம் ஓடிக் கழற்றியதை யாரோ மொத்தமாக வாங்கி, துடைத்து, ‘ரீஃபர்பிஷ்டு’ என்று விற்பது இன்னொன்று. நம் ஊரில் சிசிடிவி மாட்டுகிறவர்கள் கையில் இந்த இரண்டாவது ரகம் நிறையப் புழங்குகிறது. முதல் ரகத்தை நான் தயங்காமல் வாங்குவேன். இரண்டாவதையும் மணிக்கணக்கு தெரிந்தால் வாங்குவேன். டேட்டா சென்டர் டிஸ்க் குளிரூட்டிய அறையில், ஆடாமல் அசையாமல், அணைக்கப்படாமல் ஓடியது. மதிய வெயிலில் மின்விசிறிகூட இல்லாத அறையில், நாளைக்கு நாலு முறை கரண்ட் போய் வந்த டிஸ்க்கைவிட அதன் உடம்பு நன்றாகவே இருக்கலாம்.

கடைசி ரகத்தைச் சட்டென்று சொல்லி முடித்துவிடலாம். விரல் நீளத்தில், ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு, ‘16 டெராபைட் எக்ஸ்டர்னல்’ என்று விளம்பரம் வந்தால் அது பொய். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டும், கம்ப்யூட்டரிடம் பொய்க் கொள்ளளவு சொல்லும்படி மாற்றிய சிப்பும் இருக்கும். முதலில் போடும் கோப்புகள் ஒழுங்காக இருப்பது போலத் தெரியும், இடம் தீர்ந்ததும் பழையதன் மேலேயே எழுதும். இதற்கு நேர்மாறாக, 4 டெராபைட் டிஸ்க்கை மாட்டினால் விண்டோஸ் 3.63 என்று காட்டுவது மோசடி அல்ல. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1,024ஆகவும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது. இதற்காகக் கடைக்காரரோடு சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மீட்டரைத் திருப்பி வைத்த கதை

பழைய கார் விற்கும்போது கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பி வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்போம். ஹார்ட் டிஸ்க்கிலும் அது முடியும் என்று 2025 ஜனவரியில் ஜெர்மனியில் அம்பலமானது. சீகேட்டின் எக்ஸோஸ் என்ற பெரிய நிறுவனங்களுக்கான டிஸ்க்கைப் புதியது என்று வாங்கியவர்கள், அது பல்லாயிரம் மணி நேரம் ஓடியது என்று கண்டுபிடித்தார்கள். ஹைசே என்ற ஜெர்மன் தொழில்நுட்பச் செய்தி நிறுவனம் இதை எழுதியதும், எனக்கும் அப்படித்தான் என்று இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் முன்வந்தார்கள். பெரும்பாலும் 15,000 முதல் 50,000 மணி நேரம் வரை ஓடியவை. விற்றதும் ஏதோ சந்து மூலைக் கடைகள் மட்டும் அல்ல, பெயர் பெற்ற கடைகள் வழியாகவும் வந்திருந்தன. அந்தக் கடைகளுக்குத் தாங்கள் இவற்றை விற்கவில்லை என்று சீகேட் சொன்னது.

இத்தனை பழைய டிஸ்க் எங்கிருந்து வந்தது? சந்தேகம் போனது சீனாவின் சியா பண்ணைகள் மேல். சியா என்பது 2021இல் வந்த ஒரு கிரிப்டோ நாணயம். பிட்காயினுக்கு மின்சாரத்தை எரிப்பது போல, இதற்கு ஹார்ட் டிஸ்க் இடத்தை நிரப்பி வைக்க வேண்டும். பிட்டாரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறையை உருவாக்கிய பிராம் கோஹென்தான் இதையும் தொடங்கினார். அந்த வருடம் பெரிய டிஸ்க்குகளை லாரி லாரியாக வாங்கிப் போட்டார்கள், விலை ஏறியது. நாணயத்தின் மதிப்பு சரிந்ததும் அத்தனை டிஸ்க்கும் சந்தைக்குத் திரும்பி வந்தன.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஒரு பதிவேடு உண்டு, அதன் பெயர் ஸ்மார்ட். நான் முதலில் சொன்ன 32,020 அதிலிருந்து வந்ததுதான். மோசடிக்காரர்கள் அந்தப் பதிவேட்டைப் பூஜ்ஜியமாக்கியிருந்தார்கள். ஆனால் சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்ற இன்னொரு உள்பதிவும் இருக்கிறது. அதை மறந்துவிட்டார்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசக் கருவியின் 7.4ஆம் பதிப்பிலிருந்து அதைப் படித்துப் பார்க்கலாம். ஒன்றில் பத்து மணி நேரம், இன்னொன்றில் முப்பதாயிரம் மணி நேரம் என்றால் முடிந்தது கதை. அதே 2025இல் மலேசியாவில், கோலாலம்பூருக்கு அருகே ஒரு கிடங்கில் அதிகாரிகள் சோதனை போட்டபோது, பழைய டிஸ்க்குகளின் பதிவேட்டை அழித்து, துடைத்து, புது லேபிள் ஒட்டிப் பொட்டலம் கட்டும் வேலையே நடந்துகொண்டிருந்தது.

வாங்கிய அன்றே பார்க்க வேண்டியவை

பிரிக்கும் முன்பே சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். மீதி வாரண்டி எத்தனை நாள் என்று வரும். ‘வாங்கிய இடத்தைத் தொடர்புகொள்ளவும்’ என்று வந்தால், அது ஏதோ ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்துக்கு மொத்தமாகப் போன சரக்கு, நமக்கு நேரடி வாரண்டி கிடையாது. அதுவும் ஒரு நியாயமான தள்ளுபடிக் காரணம்தான், ஆனால் விலை அதற்கேற்றபடி இறங்கியிருக்க வேண்டும். சில சமயம் டிஸ்க் அசல்தான், ஆனால் வேறு நாட்டுக்கானது என்பதால் இங்கே வாரண்டி செல்லாது. கேபிள் செருகும் இடத்தில் உள்ள தங்கநிறப் பட்டைகளையும் பாருங்கள். புதியதில் கீறல் இருக்கக் கூடாது. திருகு மாட்டும் துளைகளைச் சுற்றிச் சுரண்டிய தடம் இருந்தால் எங்கோ வாழ்ந்துவிட்டு வந்த டிஸ்க் அது.

மாட்டியதும் ஸ்மார்ட் பதிவேடு. இருபது முப்பது வரிகளைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். 9ஆம் எண் ஓடிய மணி நேரம். 5ஆம் எண், கெட்டுப்போனதால் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள், அதாவது தட்டில் தரவு எழுதும் சின்னச் சின்னத் துண்டுகள். 197, படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்கள். 198, எவ்வளவு முயன்றும் மீட்க முடியாதவை. புதியது என்று வாங்கியதில் 5, 197, 198 மூன்றும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். பழையதிலும் 197, 198இல் எண் இருந்தால் நான் தொடமாட்டேன். 199ஆம் எண் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, நூறு ரூபாயில் முடியும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ஒரு குழப்பம்: கீழே பட்டியலில் உள்ள எண்கள் இயல்பாகப் பதினாறடிமான எண்முறையில், எழுத்தும் எண்ணும் கலந்து வரும். அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் புரியும். இன்னொன்று, சீகேட் டிஸ்க்குகளில் 1ஆம் எண்ணும் 7ஆம் எண்ணும் கோடிக்கணக்கில் இருக்கும். அது அவர்கள் எழுதும் முறை, நோய் அல்ல.

பதிவேடு சுத்தமாக இருந்தால் டிஸ்க் நல்லது என்று முடிவுகட்டவும் முடியாது. கூகுள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தன் டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், பழுதான டிஸ்க்குகளில் 36 சதவீதம், வெப்பநிலையைத் தவிர எந்த எச்சரிக்கையும் காட்டாமலே போயின என்று சொன்னது. அதே ஆய்வில் இன்னொரு தகவல்: மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை வந்த டிஸ்க், பிழை வராததைவிட அடுத்த 60 நாளில் 39 மடங்கு அதிகமாகச் சாகிறது. ஆக, பதிவேடு நோயைச் சொன்னால் நம்புங்கள். நலம் என்று சொன்னால் பாதி நம்புங்கள்.

அதனால்தான் முழுசாக எழுதிப் பார்ப்பது அவசியம். விண்டோஸில் ஃபார்மட் செய்யும்போது ‘குவிக் ஃபார்மட்’ என்ற டிக்கை எடுத்துவிட்டால், டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் பூஜ்ஜியம் எழுதும். 4 டெராபைட்டுக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். பொய்க் கொள்ளளவு சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவசக் கருவிகள் முழுசும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். முடிந்ததும் அந்த 5, 197, 198ஐ மறுபடி பாருங்கள். இரவில் பூஜ்ஜியமாக இருந்தது காலையில் ஏறியிருந்தால், காபிக்கு முன்பே கடைக்குக் கிளம்பிவிடுங்கள். கடையின் செக்கிங் வாரண்டி ஒரு வாரம் என்றால் அந்த ஒரு வாரத்துக்குள் இது நடந்திருக்க வேண்டும். வாங்கி வந்து பீரோவில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் பிரிப்பவர்களுக்கு யாராலும் உதவ முடியாது.

எதை எதில் வைப்பது?

மலிவு டிஸ்க்கை நம்பலாமா என்று கேட்டு எனக்கு வரும் போன்களில் பாதிப் பேர், ஒரே ஒரு டிஸ்க் வாங்கி அதில் கல்யாண வீடியோவை ஒரே ஒரு பிரதியாக வைக்கப் போகிறவர்கள். அப்படியானால் கடையில் உள்ளதிலேயே விலை உயர்ந்த டிஸ்க்கும் ஆகாது. அதுவும் நூற்றுக்கு ஒன்றரையில் அடங்கியதுதான். நான் அவர்களிடம் சொல்வது, நல்ல டிஸ்க் ஒன்றுக்கு ஒதுக்கிய பணத்தில் சுமாரான டிஸ்க் இரண்டு வாங்குங்கள் என்பது. இரண்டும் ஒரே கடை, ஒரே லாட், ஒரே மாடலாக இருக்க வேண்டாம், ஒரே குறையோடு பிறந்தவை ஒரே சமயத்தில் போகலாம். ஒன்று வீட்டில், இன்னொன்று தம்பி வீட்டில். எப்போதும் இரண்டையும் ஒரே பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மிக மிக முக்கியமான இருபது முப்பது ஜிபி மட்டும் மூன்றாவதாக ஆன்லைனிலும் இருக்கட்டும்.

இந்த ஏற்பாடு இருந்தால் ரீஃபர்பிஷ்டு டிஸ்க்கைப் பற்றிய பயம் முக்கால்வாசி குறைந்துவிடும். சினிமா, டவுன்லோடு, சிசிடிவி பதிவு போன்ற, போனாலும் அழ வேண்டாத விஷயங்களுக்கு அதை ஒரே பிரதியாகக்கூட வைக்கலாம். டிஸ்க் இறந்தபின் தரவை மீட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். ஹெட்டை மாற்ற வேண்டிய கேஸ் என்றால் அவர்கள் சொல்லும் தொகையில் நாலைந்து புது டிஸ்க் வாங்கலாம், அப்படியும் எல்லாம் திரும்பும் என்று உத்தரவாதம் கிடையாது.

என் 32,020 மணி நேர டிஸ்க்குக்கு வருகிறேன். டெஸ்டிங் கதை எடுபடாது என்று தெரிந்ததும் கடைக்காரர் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி சார், பழையதுன்னே பில் போட்டுத் தர்றேன். இன்னும் ஆயிரத்து ஐந்நூறு கழிச்சுக்கோங்க, ஒரு மாசம் செக்கிங் வாரண்டி” என்றார். முழு ஃபார்மட் போட்டு, மூன்று எண்களும் பூஜ்ஜியம் என்று பார்த்துவிட்டு வைத்துக்கொண்டேன். மணிக்கணக்கை ஒரு ஸ்டிக்கரில் எழுதி அதன் மேலேயே ஒட்டினேன். வீட்டுப் படங்களை வேறு இரண்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, இதில் பழைய சினிமாக்களை நிரப்பினேன். இப்போது 51,000 மணி தாண்டிவிட்டது. போன மாதம் முதல்முறையாக 5ஆம் எண்ணில் 8 என்று வந்தது. சினிமாக்களுக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு, எவ்வளவு தூரம்தான் போகிறது பார்ப்போம் என்று இன்னும் ஓடவிட்டிருக்கிறேன்.